தனுஷ்கோடி: மணல் விட்ட வழியும் தார் போட்ட வழியும்

2017 ஜூலை வரை தனுஷ்கோடிக்குப் போகும் தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். ராமேஸ்வரத்திலிருந்து வந்த பஸ் அங்கேயே திரும்பிவிடும். மேற்கொண்டு போக நினைப்பவர்கள், நான்கு சக்கரமும் இழுக்கிற வேனில் ஆள் சேரும்வரை காத்திருப்பார்கள். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு அந்த வேன் கொஞ்ச தூரம் ஈர மணலிலும் கொஞ்ச தூரம் தேங்கிய கடல்நீரிலுமாகப் போகும். நிலையான தடம் ஏதும் கிடையாது. நேற்றுப் போன வழியில் இன்று தண்ணீர் நிற்கும். ஓட்டுநர்கள் மணலின் நிறத்தைப் பார்த்தே வழி பிடித்தார்கள்: கருத்து இறுகிக் கிடக்கும் மணல் வண்டியைத் தாங்கும், வெளுத்துப் பொலபொலவென்று இருப்பது சக்கரத்தை விழுங்கும். வேனைத் தவறவிட்டவர்கள் கரையோரமாக நடந்தார்கள். நிலம் கடலில் முடியும் அரிச்சல்முனைவரை போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2017 ஜூலை 27 அன்று அந்த மணலின் மேல் 9.5 கி.மீ. ரோடு திறக்கப்பட்டது. சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிவரை 5 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனைவரை 4.5 கி.மீ. இன்று கார் நேராக முனையிலுள்ள ரவுண்டானாவில், சிங்கத் தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஒருநாள் முழுக்க ஒதுக்க வேண்டியிருந்த பயணம், கோயில் தரிசனத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே முடிகிற ஒன்றாகிவிட்டது.

ரோடு வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே குடியிருக்கும் மீனவர்களுக்கு அது ஆம்புலன்ஸையும் ஐஸ் வண்டியையும் கொண்டுவந்தது. ஆனால் தார் என்பது மணலின் மேல் இழுத்த ஒரு கோடு மட்டுமே. இருபுறமும் இருப்பது பழைய மணல், பழைய கடல். ஊர் ஏன் அழிந்தது, முனையில் ஏன் குளிக்கக் கூடாது, இரண்டு கடலுக்கு நடுவே குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது, வளைவே இல்லாத ரோட்டில் பைக் ஏன் சறுக்குகிறது? எல்லாவற்றுக்கும் விடை மணலில் இருக்கிறது. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

தனிமை எப்போது வந்தது

தனுஷ்கோடி என்றைக்கும் ஆளரவமற்ற கரையாக இருந்ததில்லை. ஆட்களை அங்கே முதலில் இழுத்தது சேது தீர்த்தம். காசி யாத்திரை போகிறவர்கள் சேதுவில் நீராடி, அந்த மணலைக் கையோடு எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, திரும்பும்போது கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது மரபு. பிறகு 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. அதே ஆண்டு எழும்பூரிலிருந்து புறப்படும் போட் மெயில் ரயில் நேராகத் தனுஷ்கோடித் துறைக்கே வரத் தொடங்கியது. ரயிலை விட்டு இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, கப்பல் ஏறினால் எதிர்க்கரையில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் நிற்கும். மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள், வியாபாரிகள், யாத்ரீகர்கள் எல்லாரும் மிதித்துப் போன துறை இது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலோடு கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) பெயர்ந்து விழுந்தன. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

ஆக, பலர் தேடிப் போன அந்தத் தனிமையின் வயது 1964 முதல் 2017 வரையிலான 53 ஆண்டுகள்தான். அது ஒரு பேரழிவால் வந்த தனிமை. அங்கே சத்தம் போட்டுச் சிரித்துப் படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்தால் போதும், நடந்துகொள்ளும் விதம் தானாகவே மாறிவிடும். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்தில் அந்த இரவில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆண்கடல், பெண்கடல்

வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் சேருமிடம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கரையில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ரோட்டில் முனையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் பாக் விரிகுடா, அது பெண்கடல். வலக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். பெண்கடல் ஆழமில்லாதது, பல மாதங்கள் ஏரிபோலக் கிடக்கும். ஆண்கடலில் இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலைகள் தடையில்லாமல் வந்து மோதும்.

இந்தக் குணம் ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மே முதல் செப்டம்பர்வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் காற்றுமறைவில் அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று திரும்பினால் நிலைமை தலைகீழ்: பெண்கடல் கலங்கி எழும், ஆண்கடல் தணியும். மீனவர்களும் காலத்துக்கு ஏற்ப வள்ளத்தைக் கரைக்குக் கரை மாற்றுகிறார்கள்.

இந்த இரண்டு காற்றும்தான் தனுஷ்கோடியைக் கட்டியவை. அலை கரையில் நேராக மோதாமல் சாய்வாக மோதும்போது மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். கச்சான் ஒருபக்கம் தள்ளும், வாடை மறுபக்கம் தள்ளும், நடுவே படிந்து நீண்ட மணல்நாக்கு இது. முனைக்கு அப்பால் கடலுக்குள் வரிசையாகத் தெரியும் மணல் தீடைகளும் இந்த வேலையின் தொடர்ச்சி. தலைமன்னார்வரை நீளும் ராமர் பாலத்தின் தொடக்கம் அது. முனையின் வடிவம் நிலையாக இருப்பதில்லை. ஒரு பருவத்தில் ரவுண்டானாவைத் தாண்டி வெகுதூரம் மணலில் நடக்கலாம். இன்னொரு பருவத்தில் அலை தடுப்புச்சுவர்மேலேயே ஏறும். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு அதே மணல்வால் இருக்கும் என்று வருகிறவர்கள் பலமுறை ஏமாந்து போகிறார்கள். இங்கே கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே, "ஓதம் வற்றட்டும்" என்று காத்திருந்தும் பெரிய பயன் இல்லை. மணல்நாக்கைத் தீர்மானிப்பது காற்றும் பருவமும்தான்.

முனையில் தண்ணீருக்குள் ஏன் இறங்கக் கூடாது

இதை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே உயிர் போகிறது.

அரிச்சல்முனையில் அலை முழங்கால் உயரம்தான் தெரியும். கரையில் நிற்பவருக்குப் பயம் தோன்றாது. ஆனால் மெரினாவைப் போல மெல்லச் சரியும் கரை கிடையாது இது. நாலைந்து அடி வைத்தால் தரை சட்டென்று கீழே போகும். இரண்டு திசையிலிருந்து வரும் அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் எந்த அலை எப்போது உயரும் என்று கணிக்கவும் முடியாது.

ஈர மணலில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று பார்த்தாலே இதன் வேலை தெரிந்துவிடும். அலை வரும்போது ஒன்றும் ஆகாது. அது திரும்பிப் போகும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். முதலில் குதிகால் ஓர் அங்குலம் இறங்கும். அடுத்த அலையில் பாதத்தின் வெளிஓரம் சரியும். மூன்றாவதில் உடம்பு பின்னால் சாயும், காலை எடுத்து வேறு இடத்தில் வைப்போம். வைக்கிற இடம் பெரும்பாலும் கடலுக்கு ஓரடி நெருக்கமாகத்தான் இருக்கும். யாரும் தள்ளாமல், யாருக்கும் தெரியாமல், ஒருவர் சில நிமிடத்தில் கணுக்கால் தண்ணீரிலிருந்து இடுப்புத் தண்ணீருக்குப் போய்விடுகிறார். அங்கே அடியில் இழுக்கும் நீரோட்டம் தொடங்குகிறது. புடவையும் ஜீன்ஸும் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம்தான்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் மோசமானது. ஒருவர் இழுபடுவதைப் பார்த்ததும் அண்ணன், மாமா என்று உடன் வந்தவர்கள் அடுத்தடுத்துக் குதிக்கிறார்கள். ஒருவர் போகும் இடத்தில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். யாராவது இழுபட்டால் தண்ணீரில் இறங்காமல் கயிறு, வேட்டி, மூடி இறுகிய காலி கேன் என்று மிதப்பதையும் நீளமானதையும் எறிய வேண்டும். பக்கத்தில் வலை இழுக்கும் மீனவர்களைக் கூப்பிட வேண்டும், அவர்களைவிட விரைவாக யாரும் வரப்போவதில்லை. கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸுக்கு 108. இழுபட்டவர் செய்ய வேண்டியது, கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மல்லாந்து மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்வது. இழுப்பு ஓரிடத்தில் குறையும், அங்கிருந்து கரைக்குத் திரும்பலாம்.

தீர்த்தம் ஆட வருகிறவர்களுக்கு: முனைக்குப் போய் இறங்க வேண்டுமென்று இல்லை. கரையில் நின்று குடத்தில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதும் நீராடல்தான் என்று புரோகிதர்களே சொல்வார்கள். அமைதியான பருவத்தில் பெண்கடல் பக்கம் கால் நனைக்கலாம், குழந்தையின் கையை விடாமல்.

இன்னொன்று கள்ளக்கடல். வானம் தெளிந்திருக்கும், காற்றே இருக்காது, ஆனால் அலை மட்டும் திடீரென்று உயர்ந்து ரோட்டு ஓரம்வரை வரும். தெற்கே ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் நடுக்கடலில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வதால் இப்படி நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, செய்திகளிலும் வரும். அந்த நாள்களில் போலீஸ் முனைக்கு வண்டி விடாமல் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுவதே சரி.

எப்போது, எப்படிப் போவது

ஜனவரி முதல் மார்ச்வரை நல்ல காலம். வாடை அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, உப்பங்கழிகளில் பறவைகள் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை காற்று பலமாக இருக்கும். மணல் ஊசிபோலக் காலில் குத்தும், காமிரா லென்ஸில் உப்பும் மணலும் ஒட்டும். அந்த மாதங்களில் போனால் கண்ணாடி அணிந்து, காமிராவைப் பையைவிட்டு அதிகம் வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. நவம்பர், டிசம்பர் புயல் பருவம்.

மாதத்தைவிட நாள் முக்கியம். ஆடி, தை அமாவாசை, ஐயப்பன் சீசன், பொங்கல் விடுமுறை, மே மாதத்துச் சனி, ஞாயிறுகளில் கூட்டம் ரோட்டின் கொள்ளளவை மீறிவிடும். காரணம் எளிது: இந்த ரோட்டுக்கு ஒரே முனைதான். போன வண்டி அத்தனையும் அதே ரவுண்டானாவில் திரும்பி அதே வழியில் வர வேண்டும். ஓரத்தில் இரண்டு வரிசை வண்டி நின்றுவிட்டால் நடுவில் ஒரு பஸ் போகத்தான் இடமிருக்கும், எதிரே இன்னொரு பஸ் வந்தால் இரண்டும் நிற்கும். கூட்ட நாளில் வண்டியைச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு மீதி தூரத்தை நடந்து போகிறவர்களே முதலில் ஊர் திரும்புகிறார்கள். நிறுத்தும்போது சக்கரம் நான்கும் கெட்டித் தரையில் இருக்க வேண்டும்.

வாகனங்களைப் பொதுவாகக் காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரைதான் உள்ளே விடுகிறார்கள். பருவநிலையைப் பொறுத்து இது மாறும், ராமேஸ்வரத்திலேயே ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். சூரிய உதயம் பார்க்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். ஜூனில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும், அந்த மாதத்தில் முனையிலிருந்து உதயம் பார்க்க முடியாது. ஜனவரியில் உதயம் 6.30-ஐத் தாண்டும். கேட் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தால் எட்டிவிடலாம். மணல்நாக்கு தென்கிழக்கு நோக்கி நீள்வதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் சூரியன் கிட்டத்தட்ட முனைக்கு நேரெதிரே, தீடைகளின் பக்கம் எழும். வேறு மாதங்களில் கிடைக்காத காட்சி அது.

ராமேஸ்வரத்திலிருந்து முனைக்குச் சுமார் 22 கி.மீ. டவுன் பஸ் உண்டு. கட்டணம் குறைவு, ஆனால் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். ஆட்டோ பேசும்போது "தனுஷ்கோடி" என்று மட்டும் சொன்னால் பின்னால் தகராறு வரும். சிலருக்கு அது பழைய ஊர், சிலருக்கு முனை. அரிச்சல்முனைவரையா, வழியில் கோதண்டராமர் கோயில் உண்டா, எத்தனை மணி நேரம் காத்திருப்பார், திரும்பி வரவும் சேர்த்தா என்ற நான்கையும் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு, 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் நின்றுபோன போக்குவரத்து, செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் தூக்குப்பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதும் மீண்டும் தொடங்கிவிட்டது.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் பயப்பட வேண்டியது நேர் ரோட்டுக்குத்தான். வளைவில்லாத ரோடு, இருபுறமும் கடல், வேகம் தானாக ஏறும். காற்றுக்காலத்தில் ரோட்டின் குறுக்கே மெல்லிய மணல்படுகை கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தாரில் வெளுத்த பட்டைபோலத்தான் தெரியும். அதன்மேல் பிரேக் பிடித்தால் டயருக்குத் தாரின் பிடிப்பு கிடைக்காது, பைக்கின் முன்சக்கரம் முதலில் போய்விடும். பட்டை தெரிந்ததும் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணல்மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், ஹேண்டிலைத் திருப்பவும் வேண்டாம். காரை மணலில் இறக்கிப் படம் எடுக்கிற ஆசை இன்னொரு பொறி. சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதால் இன்னும் தோண்டிக்கொண்டு அச்சுவரை இறங்கும். வண்டியை நிறுத்தி, ஆட்களை இறக்கி, டயரின் முன்னும் பின்னும் உள்ள மணலைக் கையால் வாரி எடுத்து, டயரில் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்து, கால்மிதியைச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்து மெதுவாக நகர்த்த வேண்டும். தாருக்கு ஏறியபின் அந்தக் குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டக் கூடாது, ராமேஸ்வரம்வரை மெதுவாக வந்து காற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிழல் கிடையாது. தலைக்குத் துண்டோ தொப்பியோ, ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர், நல்ல செருப்பு வேண்டும். மதிய மணலில் வெறுங்காலோடு பத்து அடி நடந்தால் கொப்புளம் வரும். கழிப்பறையை ராமேஸ்வரத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நிம்மதி. முனைக்குப் பக்கத்தில் செல்போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடிக்கும், ரோமிங்கை முன்னமே அணைத்து வைத்தால் வீண் செலவு வராது. சர்வதேசக் கடல் எல்லை பக்கத்தில் இருப்பதால் அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிட்டால் பறிமுதல்தான் மிஞ்சும். தீடைக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது அழைத்தால் ஏறாதீர்கள்.

மணலுக்குள் இருக்கும் தண்ணீர்

இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்கிற இந்தப் பட்டையில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பழைய ஊர்ப் பக்கத்துக் குடிசைகளுக்கு அருகில் இந்த ஊற்றுகளைப் பார்க்கலாம். ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலை வழித்து ஒதுக்குவார். கொஞ்ச ஆழத்தில் மணல் கருக்கும், பிறகு அடியில் தண்ணீர் மெல்லக் கூடும். கொட்டாங்கச்சியால் அதைக் கலக்காமல் மேலாக மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார். தீர்ந்துவிட்டால் மீண்டும் ஊறும்வரை காத்திருப்பார்.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அங்குல நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அங்குலத்துக்கு நன்னீர் இருக்கும். அதன் மறுபக்கம் கொஞ்சம் கொடூரமானது: மேலே ஓர் அங்குலம் குறைந்தால் அடியிலிருந்து உப்புநீர் 40 அங்குலம் ஏறிவரும். மோட்டார் வைத்து இறைத்தால் ஊற்று உப்பாகிவிடுவது இதனால்தான். கொட்டாங்கச்சியால் மேலாக மொள்வது ஏழ்மையின் அடையாளமென்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். அந்த நிலத்துக்கு அதுதான் சரியான முறை. எச்சில் பாட்டிலையும் காலையும் அந்த ஊற்றில் கழுவாமல் இருந்தால் போதும். கடை வைத்திருப்பவர்கள் கழுவுநீரைப் பக்கத்திலேயே ஊற்றினாலும் அது மணல் வழியாக அந்தக் குடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

சுவர்கள், பறவைகள், ஆமைகள்

இடிந்து நிற்கும் மாதா கோயிலும் ரயில் நிலையச் சுவர்களும் கடலிலிருந்து வெட்டிய பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியவை. உற்றுப் பார்த்தால் கல்லில் தேனடைபோல் துளைகள் தெரியும். உப்புக்காற்று அந்தத் துளைகளுக்குள் ஈரத்தைக் கொண்டுபோய் வைக்கும். வெயிலில் ஈரம் காய்ந்து உப்பு படிகமாகி விரியும், கல்லின் மேல்தோல் மாவாக உதிரும். அறுபது ஆண்டாக இது நடக்கிறது. சுவரின் அடிப்பகுதிதான் அதிகம் அரிக்கப்பட்டிருக்கும். அதனால் மேலே ஏறி நின்று படம் எடுப்பது சுவருக்கும் ஆபத்து, ஏறியவருக்கும் ஆபத்து. பெயரைக் கீறுகிறவர்கள் எஞ்சிய தோலையும் உரிக்கிறார்கள்.

முனைக்கு அவசரமாகப் போகிறவர்கள் தவறவிடுவது கோதண்டராமர் கோயிலை ஒட்டிய உப்பங்கழியை. வாடை மழைக்குப் பிறகு அங்கே பூநாரைகள் வந்து இறங்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, வளைந்த அலகால் சேற்றுநீரைச் சல்லடைபோல் வடிகட்டித் தின்னும். கூட்டம் பறந்தால் படம் அழகாக வரும் என்று கைதட்டிக் கிளப்புகிறவர்கள் உண்டு. மீண்டும் நெடுந்தூரம் போக வேண்டிய பறவை, ஒவ்வொரு முறை பறக்கும்போதும் தின்று சேர்த்ததைச் செலவழிக்கிறது. 2025 ஜூன் மாதம் தமிழக அரசு இங்கே சுமார் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. ரோட்டிலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம், காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் இளஞ்சிவப்பு நன்றாகத் தெரியும்.

கரை மணலில் படர்ந்திருக்கும் அடும்பங்கொடியும், உருண்டை உருண்டையாகக் காற்றில் ஓடும் முள்காய் கொண்ட ராவணன் மீசையும்தான் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை. வண்டிச் சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கினால் கொடி அறுந்து, அந்த இடத்தில் காற்று பள்ளம் பறிக்கத் தொடங்கும். பிறகு அந்த மணல்தான் ரோட்டின்மேல் வந்து கிடக்கிறது.

விற்பனைக்கு வைத்திருக்கும் சங்கு, சிப்பி வேலைகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, கடல்அட்டை ஆகியவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் தானாகக் கிடந்தது என்பது சாக்காகாது. வாங்க வேண்டுமென்றால் அன்றைக்குப் பிடித்த மீனை வறுத்துத் தருகிறார்கள், நல்ல கருவாடும் கிடைக்கும். அந்தக் காசு நேராகக் குடிசைக்குப் போகிறது. முன்பு வேன் ஓட்டிப் பிழைத்தவர்களின் வருமானத்தை ரோடு எடுத்துக்கொண்டது, கடை அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. சுற்றுலாவால் யாராவது பிழைக்க வேண்டுமென்றால் முதலில் இவர்கள் பிழைக்கட்டும்.

கரைவலை இழுப்பதைப் பார்க்க நேர்ந்தால் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். படகில் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு குழுவாகப் பிரிந்து மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். கடைசியில் இரண்டு குழுவும் நெருங்கி, மீன் சேரும் வலையின் மடியைக் கரையேற்றும் அந்தச் சில நிமிடம்தான் அவர்களின் அன்றைய கூலி. குறுக்கே நின்று செல்ஃபி எடுத்தால் கயிறு தளரும், மீன் நழுவும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒன்றே ஒன்று: இங்கே குப்பைத்தொட்டியையும் நம்ப வேண்டாம். தொட்டி நிறைந்ததும் காற்று அதைப் பிரித்துக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் கொண்டுபோகும். கொண்டு வந்ததை வண்டியிலேயே ராமேஸ்வரத்துக்குத் திருப்பி எடுத்துப் போனால்தான் அது குப்பைத்தொட்டியில் சேர்ந்ததாகக் கணக்கு.

மாலையில் போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் கிளப்புவதற்குப் பாதுகாப்பைத் தவிர இன்னொரு நன்மையும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் இரவில் இந்தக் கரையேறிக் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டைபோல் இட்டு மூடிவிட்டுப் போகும். வனத்துறையினர் விடியும் முன் தடம் பார்த்து நடந்து, நாய்க்கும் நரிக்கும் முன்னால் முட்டைகளைச் சேகரித்து, கம்பிவலை அடைப்புக்குள் அதே ஆழத்தில் மீண்டும் புதைத்து வைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். குஞ்சு கடலைக் கண்டுபிடிப்பது வெளிச்சத்தை வைத்துத்தான்: இருட்டில் அடிவானம் தரையைவிடச் சற்று வெளுப்பாக இருக்கும், அந்தப் பக்கம் ஓடும். ரோட்டில் ஒரு ஹெட்லைட் எரிந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாரை நோக்கி ஓடும். அதனால்தான் அங்கே இருட்டியபின் ரோடு காலியாக இருக்க வேண்டியிருக்கிறது.